தானியத்திலும் மேல் கீழா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மண்டூரை உள்ளிட்ட படுவான்கரையிலே, நிலம் நெடுங்காலமாக இருவகைத் தானியங்களை ஈந்து வந்துள்ளது. வயலில் விளைந்த நெல் போடியாரின் களஞ்சியத்தை நிறைத்தது. மேட்டுநிலச் சேனையில் விளைந்த குரக்கன், சோளன், இறுங்கு, சாமை ஆகியவை ஏழை உழவரின் அடுப்பில் வெந்தன. காட்டுப் பன்றியிடமிருந்து அவற்றைக் காக்க உழவன் இரவெல்லாம் பரணில் விழித்திருந்தான். இன்றோ, அத்தகைய தானியங்களை வீட்டுப் பன்றிக்கு எவ்வளவு ஊட்டலாம் என்று கால்நடை அறிவியல் கணக்கிடுகிறது. ஒரு தானியத்தின் இடத்தை நிர்ணயிப்பது அதன் சத்தா, சமுதாயமா?

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காட்டையும் தரிசையும் மாத்திரமன்றி, சில ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனையையும் முடிக்குரிய நிலமெனக் கொண்டது. பாட்டன் வெட்டிய சேனையில் பேரன் அத்துமீறியவனானான். நிலத்தோடு அதில் விளைந்த தானியமும் இழிவாக எண்ணப்பட்டது. ஆனால் 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, அந்தக் குரக்கனும் சோளனுமே மக்களுக்குக் கைகொடுத்தன.

மனிதனுக்கும் பன்றிக்குமிடையே தானியப் போட்டி எழுந்தது பிற நாடுகளிலும் உண்டு. முதலாம் உலகப் போரில் கடல்வழி முற்றுகைக்குள்ளான ஜேர்மனி, மக்களின் உணவைப் பன்றிகள் தின்று தீர்க்கின்றன என்ற நிபுணர் வாதத்தை ஏற்று, 1915 இல் இலட்சக்கணக்கான பன்றிகளைக் கொன்றது. பசி தீரவில்லை; இறைச்சியும் கொழுப்பும் எருவுமே அருகின.

பன்றி நமக்குப் பகையன்று. வளரும் பன்றிக்கு முக்கியமாக வேண்டியவை சக்தியும் புரதமும். தனின் குறைந்த இறுங்கை அரைத்துக் கொடுத்தால் அது பெரும்பாலும் சோளனுக்கு ஈடாகும். குறுநலும் சக்தி தரும். தவிட்டை அளவோடு சேர்க்கலாம். தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் போதாமையால், மீன்தூளோ சோயாப் புண்ணாக்கோ அக்குறையை நிரப்ப வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சோளன் விளைச்சல் சரிந்து தீவன விலை ஏறியபோது, சிறு வளர்ப்பாளருக்கு இவ்வறிவின் தேவை தெளிவாயிற்று.

ஆயினும் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் கொண்ட குரக்கனை, ஏழையின் உணவென்று இகழ்ந்து பன்றித் தொட்டிக்கு ஒதுக்குவது அறிவாகாது. குறுநலும் தவிடும் மிகுதியும் தொட்டிக்குச் செல்லட்டும். நல்ல தானியம் முதலில் அதனை விளைவித்தவனின் பிள்ளைகளுக்குச் சேரட்டும். அந்த ஒழுங்கை வகுக்கும் உரிமை, சந்தையிடமன்றி, சேனையில் வியர்வை சிந்துவோரிடமே இருத்தல் வேண்டும்.