3 நாள் லீவு, 3 ஊர்... டூர் ப்ளானில் எங்கே சொதப்புகிறோம்?

லாங் வீக்கெண்ட் வந்தால் போதும், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிஸ்ட் வந்து விழும். 'சனி மதுரை, ஞாயிறு ராமேஸ்வரம், திங்கள் கன்னியாகுமரி. ஓகேவா?' எல்லோரும் தம்ஸ் அப் போடுவார்கள். யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

நாம் போட்டுப் பார்ப்போமா? மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. காரில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கன்னியாகுமரி சுமார் 300 கி.மீ. குறைந்தது ஆறு மணி நேரம். ஆக, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி நேரம் காரிலேயே போச்சு! டீ, சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் தனி. மதியம் கோயில் நடை சாத்திவிட்டால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஏன் இப்படி?

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இதற்கு வைத்த பெயர் 'ப்ளானிங் ஃபேலஸி'. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிக்கும்போது, எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் நேரத்தை மட்டுமே மனசு கணக்கில் எடுக்கும். போன ட்ரிப்பில் டிராஃபிக்கில் மாட்டியது ஞாபகமே வராது.

கூடவே, 'இவ்வளவு தூரம் போறோம், அதையும் பாத்துட்டு வந்துடலாமே' என்கிற ஆசை. ஒரு நிமிட ரீல்ஸில் பத்து இடம் பார்த்துப் பழகிய கண் வேறு!

போன வருஷம் எங்கள் வீட்டிலும் இதே ப்ளான்தான். ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்று மாற்றுப் புடவையோடு வந்திருந்தார் அம்மா. 'சன்செட்டுக்குள்ள கன்னியாகுமரி போகணும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்று கிளப்பிவிட்டோம். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சூரியனும் இல்லை, தீர்த்தமும் இல்லை. அந்தப் புடவை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது.

லிஸ்ட் போடுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

* 'இதெல்லாம் முடியாதுப்பா' என்று ஆரம்பிக்காதீர்கள். ரோஷத்தில் இன்னொரு ஊரைச் சேர்த்துவிடுவார். 'எதைப் பாக்காம வந்தா வருத்தப்படுவ?' என்று கேளுங்கள். வருகிற எல்லோரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் ப்ளான்.

* ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் கிளம்பும் நேரம், சேரும் நேரம், நடை சாத்தும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டச் சொல்லுங்கள். பாதி லிஸ்ட் தானாகவே அடிபட்டுவிடும்.

* மூன்று நாளுக்கு இரண்டு ஊர் போதும். மதுரை, ராமேஸ்வரம் என்று வைத்தால் தனுஷ்கோடியில் நின்று நிதானமாகக் கடல் பார்க்கலாம். கன்னியாகுமரி எங்கேயும் ஓடிவிடாது.

* ஒரு மதியத்தைக் காலியாக விடுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் தூங்கட்டும்.

அடுத்த லிஸ்ட் குரூப்பில் விழும்போது தம்ஸ் அப் போடும் முன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் எந்த ஊருக்காகப் புடவை எடுத்து வைக்கிறார் என்று!