ஜீப்புக்கு வாழ்க்கைப்பட்ட ஃபோர்டு ஆக்ஸில்

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்ற ஊரில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆக்ஸில் ஆலை இருக்கிறது. 1983 மாடல் வண்டிகளுக்கென அங்கிருந்து புதிதாக ஒரு பின் ஆக்ஸில் வந்தது. அதன் கிரவுன் வீலின் விட்டம் 8.8 இன்ச். அங்கிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ. ஜீப் செரோக்கி தயாரான ஊர். இரண்டும் வெவ்வேறு கம்பெனிகளின் சரக்கு. ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்ட எந்த ஆலையிலும் வழியில்லை. ஆனாலும் ஸ்டெர்லிங் ஹைட்ஸின் ஆக்ஸில்கள் டொலிடோவின் ஜீப்புகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. காயலாங்கடைதான் இரண்டையும் சேர்த்துவைத்தது.

இந்த ஆக்ஸிலின் நடுவில் வார்ப்பிரும்பு ஹவுசிங். கிரவுன், பினியன், டிஃபரென்ஷியல் எல்லாம் அதற்குள். இரு பக்கமும் 3.25 இன்ச் விட்டமுள்ள எஃகுக் குழாய்கள். ஹவுசிங்கின் வாய்க்குள் குழாயைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றி, அங்கங்கே விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக வெல்டு வைத்து நிறுத்திவிடுகிறார்கள். தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பிடி ஆயுளுக்கும் போதும். குழாய்களுக்குள் ஓடும் ஷாஃப்டுகள் 1.32 இன்ச் தடிமன், முனையில் 31 பற்கள்.

1998இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றில் பூட்டப்பட்ட ஆக்ஸிலை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற எஸ்யூவி எக்ஸ்ப்ளோரர்தான். அதை வாங்கிய குடும்பங்களில் பெரும்பாலானவை அதைப் பாறையில் ஏற்றவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட, கடைக்குப் போக, விடுமுறைக்கு டிரெய்லர் இழுக்க என்றே அந்த வண்டிகள் ஓடின. குடும்பம் முழுவதையும் சுமந்து படகையும் இழுக்கத் தகுந்த வலுவோடு செய்த ஆக்ஸில், அந்த வலுவில் பாதியைக்கூடச் செலவழிக்காமலே வருடங்களைக் கடத்தியது. மேலே பாடி துருப்பிடித்தது, கியர்பாக்ஸ் தேய்ந்தது. கீழே ஆயிலில் ஊறிக் கிடந்த கிரவுனும் பினியனும் நன்றாகவே இருந்தன.

2009இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெட்ரோல் அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புதிய வண்டி வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் மானியம். சில வாரங்களில் சுமார் 6.77 லட்சம் பழைய வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றில் முதலிடம் நான்கு சக்கர இழுவை கொண்ட எக்ஸ்ப்ளோரருக்கு. வந்த வண்டிகள் மறுபடி சாலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகிப்போகும்வரை ஓட்டினார்கள். பிறகு வண்டியை நசுக்கியாக வேண்டும் என்றது விதி. ஆனால் அதே விதி ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது: பின் ஆக்ஸிலைத் தனியாகக் கழற்றி விற்கலாம். எஞ்சினுக்குச் சாவு விதித்த சட்டமே ஆக்ஸிலைப் பிழைக்க விட்டது.

அதை வாங்க ஆள் தயாராக இருந்தது. ஜீப்பின் செரோக்கி, ராங்ளர் வண்டிகளில் பலவற்றுக்கு டானா 35 என்ற பின் ஆக்ஸில் வந்தது. அதன் கிரவுன் 7.56 இன்ச், 27 பல் ஷாஃப்ட், 1.18 இன்ச் தடிமன். ஆலையில் வந்த சிறிய டயர்களோடு அது குறையின்றி ஓடும். பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏற்றினால் ஷாஃப்ட் முறியும். ஓர் உருளையான ஷாஃப்டின் முறுக்கு வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 1.18 எங்கே, 1.32 எங்கே என்று பார்த்தால் தடிமனில் 12 சதவீத வித்தியாசம்தான்; வலுவிலோ ஏறக்குறைய 40 சதவீதம். அதோடு வேறு பொருத்தங்களும் வாய்த்தன. சக்கரம் மாட்டும் ஐந்து போல்டுகளும் இரண்டு வண்டியிலும் 4.5 இன்ச் வட்டத்திலேயே அமைந்திருக்கின்றன. அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1995 முதல் வந்த எக்ஸ்ப்ளோரர்களில் பின்னாலும் டிஸ்க் பிரேக்.

காயலாங்கடையில் முதலில் தேட வேண்டியது பின்மூடி போல்டில் தொங்கும் சிறு தகட்டை. 3.73 என்பதற்குப் பதில் 3L73 என்று அடித்திருந்தால், வழுக்கும்போது இரண்டு சக்கரத்துக்கும் இழுவை தரும் லிமிடெட் ஸ்லிப் உள்ளே இருக்கிறது என்று பொருள். முன் ஆக்ஸிலின் பல் விகிதம் என்னவோ அதுவே பின்னாலும் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த செரோக்கிகளில் 3.55 பரவலாக இருந்ததால், 3.55 எக்ஸ்ப்ளோரர் கிடைத்தால் பல் மாற்றும் செலவே மிச்சம்.

ஆக்ஸிலை இறக்கியதும் பின்மூடியைத் திறந்து பார்ப்பார்கள். ஆயில் பால்கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஃபரென்ஷியலின் நடுப் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டு போல்டை அவசரமில்லாமல் கழற்ற வேண்டும். தலை முறிந்து உள்ளே நின்றுவிடுவதில் அந்த போல்டு பேர்போனது. பின் வெளியே வந்ததும் ஷாஃப்டை உள்பக்கம் தள்ளினால், அதன் முனையைப் பிடித்திருக்கும் சி வடிவ கிளிப் விழுந்துவிடும். ஷாஃப்ட் கைக்கு வரும்.

இந்த ஆக்ஸிலில் சக்கரப் பக்க பேரிங்குக்குத் தனி உள்வளையம் கிடையாது. உருளைகள் ஷாஃப்டின் மேலேயே ஓடுகின்றன. அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை நெடுக்காக இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் ஷாஃப்ட் நல்லது. நகம் ஓர் இடத்தில் தட்டி நின்றாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். புது பேரிங்கும் புது சீலும் போட்டாலும் அந்தப் பள்ளம் அவற்றைத் தின்றுவிடும்.

இனி வலுவூட்டும் வேலை. எக்ஸ்ப்ளோரரில் ஒருபோதும் சோதனைக்கு வராத அந்தக் குழாய்ப் பிடிதான் ஜீப்பில் முதல் ஆபத்து. ஜீப்பை லோ கியரில் போட்டால், இழுவையை முன்பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டுமே முறுக்கு விசையை 2.72 மடங்கு ஆக்குகிறது. சக்கரம் பாறையில் முட்டி நின்றுவிட்டது என்று வையுங்கள். கிரவுன் சுற்ற மறுக்கிறது. பினியன் அதன் பற்களில் மேலே ஏறப் பார்க்கிறது. ஹவுசிங்கின் மூக்கு வானத்தைப் பார்த்துத் திரும்ப முயல்கிறது. குழாய்களையோ பட்டை ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முறுக்கு முழுவதும் வார்ப்பும் குழாயும் சேரும் அந்தக் கழுத்தில் வந்து விழுகிறது. ஆலை வைத்த வெல்டு அங்கே விட்டுக்கொடுத்தால் ஹவுசிங் குழாயைச் சுற்றித் திரும்பிவிடும்.

அதனால் அந்தக் கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக வெல்டு செய்கிறார்கள். இதில் பொறுமை வேண்டும். வார்ப்பிரும்பில் கரி அதிகம். குளிர்ந்திருக்கும் வார்ப்பில் சூடான வெல்டு விழுந்து சட்டென்று ஆறினால், ஓரத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் கடினமான பட்டை உண்டாகும். சில நாளில் அங்கே விரிசல் ஓடும். ஆகவே பற்கள், பேரிங், சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துருவையும் ஆயிலையும் போகத் தேய்த்து, ஹவுசிங்கை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சீராகச் சூடாக்குகிறார்கள். நிக்கல் ராடு போடுகிறார்கள். நிக்கல் வெல்டு மிருதுவாக இருப்பதால் சுருங்கும்போது வார்ப்பைக் கிழிக்காமல் தானே கொஞ்சம் இழுபடும். ஓர் இன்ச் மேலே, ஓர் இன்ச் கீழே, பிறகு அடுத்த பக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரே பக்கமாக ஓடினால் குழாய் வளைந்துவிடும். ஒவ்வொரு துண்டும் சூடாக இருக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டினால் இழுவிசை தளரும். முடிந்ததும் வெப்பம் தாங்கும் போர்வையைச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். மறுநாள் இரு முனைக்கும் இடையே நேர்கம்பி செலுத்திக் குழாய் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்து, எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் இருக்கைகளை கிரைண்டரால் அறுத்தெடுத்து ஜீப்பின் அளவுக்குப் புதிய இருக்கைகள். அவற்றை முதலிலேயே முழுதாக வெல்டு செய்யக் கூடாது. வண்டியின் பாரத்தை ஸ்பிரிங்கில் இறக்கி, புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு ஏற்றபடி பினியன் மூக்கின் கோணத்தைச் சரிசெய்து, பொட்டு வைத்து, மறுபடி அளந்து, பிறகே வெல்டு. எக்ஸ்ப்ளோரரின் பினியன் நடுவிலிருந்து ஏறக்குறைய 2 இன்ச் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. செரோக்கியின் நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். குட்டை ராங்ளரில் சிலர் நீளமான பக்கக் குழாயை 3 இன்ச் அளவுக்குக் குறைத்து, வேறொரு எக்ஸ்ப்ளோரரின் குட்டை ஷாஃப்டை அந்தப் பக்கமும் போட்டு மூக்கை நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இப்படித் தயாரான ஆக்ஸில் போகும் இடங்களில் கலிபோர்னியாவின் ருபிகான் டிரெயில் ஒன்று. சியரா நெவாடா மலையில், தாஹோ ஏரியை நோக்கி கிரானைட் பாறைகளின் மேல் சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் பாதை அது. எக்ஸ்ப்ளோரரின் அடியில் வருடக்கணக்கில் வராத முறுக்கு அங்கே ஒரே பிற்பகலில் வரும். ஆக்ஸில் அதைத் தாங்குவது, கிடைத்த இடத்திலெல்லாம் தகடு ஒட்டியதால் இல்லை. எங்கே ஆலை தாராளமாக இரும்பு கொடுத்திருந்தது, எங்கே சாலைக்குப் போதுமான அளவோடு நிறுத்தியிருந்தது என்று தெரிந்து, குறைந்த இடத்தில் மட்டும் கை வைத்ததால்தான். பழைய பொருளைக் காப்பாற்றும் கலையில் பாதிக்கு மேல் இந்த அறிவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2002 மாடலில் நான்கு கதவு எக்ஸ்ப்ளோரர், பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்கு மாறிவிட்டது. அதற்குமுன் வந்த வண்டிகள்தான் இந்த ஆக்ஸிலுக்கு ஊற்று. அவை வருடத்துக்கு வருடம் உலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நல்ல ஷாஃப்டோடு ஒன்று கைக்கு வந்தால் அவசர வெல்டில் அதைக் கெடுத்துவிடாதீர்கள். சூடேற்றும் நேரத்தையும் ஆறவிடும் ராத்திரியையும் முழுதாகக் கொடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும், ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்டுகளை மறுபடி முறுக்குங்கள். ஆற்றைக் கடந்த ஒவ்வொரு முறையும் ஆயிலைத் திறந்து பாருங்கள்.