ஆளில்லா ஊர்களுக்கும் மேயர்கள்

பிரான்சின் உள்ளூராட்சியை அறிய விரும்புவோர் முதலில் பாரிஸை மறந்துவிடுவது நல்லது. அந்நாட்டில் கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சி அலகுகள் இன்று 35,000க்குச் சற்றுக் குறைவாக உள்ளன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை 500 பேர்கூட வாழாத ஊர்களாகும்.

1789 டிசெம்பர் 14ஆம் திகதிய சட்டம், திருச்சபையின் பங்குகளாக இருந்த கிராமங்களைப் பெரும்பாலும் அவ்வாறே கொம்யூன்களாக்கியது. 1792இல் பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகள் பங்குக்குருவின் கையிலிருந்து கொம்யூனின் கைக்கு மாறின. கிராமத்தவனின் வாழ்வுக்குள் புரட்சி நுழைந்தது இந்தப் பதிவேட்டின் வழியேதான் என்பது என் எண்ணம். எனினும் நெப்போலியன் 1800இல் மேயர் நியமனத்தை அரசின் வசமாக்கினார். பாரிஸ் நீங்கலாக, எல்லா ஊர்களிலும் மேயரைச் சபையே தெரிவுசெய்யும் உரிமை 1882இல்தான் கிடைத்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் சபை அமர்வுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

சபைக் கட்டடமும் பாடசாலையும் ஒரே கூரையின் கீழ் அமைந்த ஊர்கள் பல. அங்கே முற்காலத்தில் ஆசிரியரே பெரும்பாலும் சபையின் செயலாளராகவும் இருந்தார். ஊர்க் கணக்கு, கடிதம், குடிசன மதிப்பு யாவும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. மேயரோ மூவர்ணப் பட்டி அணிந்து திருமணம் நடத்திவைப்பார். மறுநாள் வயலுக்குப் போவார்.

இத்தனை சிறு சபைகள் எதற்கு என்று கேட்டோர் உண்டு. அவற்றை இணைக்க 1971இல் சட்டமும் வந்தது. பெரும் பயன் விளையவில்லை. ஊரின் பெயரை இழக்க எவரும் ஒருப்படவில்லை.

அந்தப் பற்றின் ஆழத்தை வெர்டன் போர்க்களத்திற் காணலாம். 1916இல் அங்கு நடந்த போரில் ஒன்பது கிராமங்கள் தரைமட்டமாகின. வெடிக்காத குண்டுகளும் புதையுண்ட உடல்களும் நிறைந்த அந்நிலத்திற் பெரும்பகுதியில் மீளக் குடியேற அரசு இடமளிக்கவில்லை. ஆயினும் அவ்வூர்களின் பெயர்களை அழித்துவிடவும் அது துணியவில்லை. 1919இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அவற்றுக்கு மூவர் கொண்ட ஆணைக்குழுக்களை வழங்கியது. இன்றும் ஒருவர்கூட வசிக்காத ஆறு கொம்யூன்கள் அங்குள்ளன. தெரிவுசெய்ய வாக்காளர் இல்லாமையால், மத்திய அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்டே மேயரை நியமிக்கிறார்.

அவற்றுள் ஒன்று ஃப்ளூரி. போருக்கு முன்னர் சில நூறு பேர் வாழ்ந்த ஊர். குண்டுகள் குடைந்த மேடுபள்ளங்களின் மீது இப்போது புல்லும் மரங்களும் மூடிக்கிடக்கின்றன. இடையே சிறு அடையாளக் கற்கள் நிற்கின்றன: இது வீதி, இங்கே வெதுப்பகம் இருந்தது, இங்கே பாடசாலை.