ஒரே ஒட்டுண்ணி, மூன்று நுண்ணோக்கிகள்: காலா-அசாரும் காண்டலின் வரலாறும்

நுண்ணோக்கியின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. லீவன்ஹூக்கின் ஒற்றை வில்லை, கூட்டு நுண்ணோக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கி, உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி என அவ்வரிசை நீளும். ஒவ்வொரு கருவியும் முந்தையதைவிட நுணுக்கமாகக் காட்டியது, ஆகவே மருத்துவமும் முன்னேறியது என்பது அவ்வரலாற்றின் வழக்கமான முடிவு. இம்முடிவு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கருவிகள் மாறட்டும், காணப்படும் உயிரி மட்டும் மாறாதிருக்கட்டும். காலா-அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டோனோவானி என்னும் ஒட்டுண்ணி இச்சோதனைக்கு ஏற்றது. 1903இல் சென்னையில் அது ஒளி நுண்ணோக்கியில் காணப்பட்டது. 1950களில் கல்கத்தாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உட்பட்டது. 2016இல் உறைகுளிர் முறையில் அணு அளவுக்கு நெருங்கி ஆராயப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தையும் அசாமையும் சூறையாடிய நோய் காலா-அசார். நீடித்த காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், இரத்தச்சோகை, உடல் மெலிவு, கருமை படரும் தோல் ஆகியவை அதன் அடையாளங்கள். மருத்துவம் பெறாதவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். இடத்திற்கேற்ப அது 'பர்துவான் காய்ச்சல்' எனவும் 'டம்டம் காய்ச்சல்' எனவும் வழங்கப்பட்டது. பெயர்கள் பலவாயின, காரணம் புலப்படவில்லை. கொக்கிப்புழுவே காரணம் என்று 1889இல் அசாமில் ஆய்ந்த ஜைல்ஸ் கருதினார். தீவிர மலேரியாவே இது என்றார் லியனார்ட் ராஜர்ஸ். 1897 ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸும் அடுத்த ஆண்டுகளில் அசாமில் இந்நோயை ஆராய்ந்து, அதனை மலேரியாவோடு சேர்த்தே எண்ணினார். உலகின் தேர்ந்த கண்களுள் ஒன்று, உரிய கருவியோடு, உரிய இடத்திலேயே இருந்தும் ஒட்டுண்ணி தென்படவில்லை. அது விரல்நுனி இரத்தத்தில் அரிதாகவே அகப்படும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றிலுள்ள விழுங்கணுக்களுக்குள் பதுங்கி வாழும். எங்கே நோக்க வேண்டும் என்று வில்லை சொல்வதில்லை.

1900இல் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவமனையில், டம்டமிலிருந்து நோயுற்றுத் திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலை வில்லியம் லீஷ்மன் ஆய்ந்தார். அதில் சிறிய முட்டைவடிவத் துகள்களைக் கண்டார். அவற்றைப் பற்றிய கட்டுரையை 1903 மே மாதத்தில்தான் வெளியிட்டார்; அவை சிதைந்த டிரிப்பனோசோம்களாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்ல்ஸ் டோனோவான், இறந்த நோயாளியின் மண்ணீரல் பூச்சில் அதே துகள்களைக் கண்டார். சிதைவின் விளைவா அவை என்ற ஐயத்தை நீக்க, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த மாதிரியிலும் அவற்றைக் காட்டினார். ஜூலையில் அவர் குறிப்பு வெளிவந்தது. லவரானும் மெனிலும் அதனை ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு பேரினத்தில் வைத்து டோனோவான் பெயரைச் சேர்த்தனர். இது புதிய பேரினமே என்று உணர்ந்த ராஸ், ஆண்டிறுதிக்குள் லீஷ்மேனியா டோனோவானி என்ற பெயரை அளித்தார். முன்னர் மலேரியா என்று கருதியவரே இப்போது பெயரிட்டவர்.

இப்பெயரிடலில் ஒரு சொல் கவனத்திற்குரியது. தொடக்கத்தில் அவை உயிரி என்றோ செல் என்றோ அழைக்கப்படவில்லை; 'லீஷ்மன்-டோனோவான் உடலங்கள்' என்றே குறிக்கப்பட்டன. உயிருள்ளதா, இறந்த செல்லின் எச்சமா, தனி உயிரியா, வேறொன்றின் பருவமா என்பன தீராத வினாக்கள். அவற்றுக்கு விடை கிடைக்கும் வரை எதையும் உறுதி கூறாத ஒரு சொல் தேவைப்பட்டது. 1904இல் ராஜர்ஸ் மண்ணீரல் மாதிரியைத் தாழ்ந்த வெப்பநிலையில் வளர்த்தபோது, அவ்வுடலங்கள் கசையிழை கொண்டு நீந்தும் வடிவமாக மாறின. அதன் பின்னரே உடலம் உயிரியாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்தது புதிய நுண்ணோக்கி அன்று, வளர்ப்பு ஊடகம்.

சாயத்தின் பங்கும் அத்தகையதே. மனித உடலில் இவ்வொட்டுண்ணியின் அளவு 2 முதல் 4 மைக்ரோமீட்டர். எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்த கோட்பாட்டின்படி ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பிரித்துக் காட்டவல்லது. ஆகவே ஒட்டுண்ணியைக் காண அன்றைய வில்லைகளே போதும். ஆனால் சாயமேற்றாத பூச்சில் அது பிற செல்துகள்களோடு கலந்து மறையும். ரொமனோவ்ஸ்கி முறையைத் திருத்தி லீஷ்மன் 1901இல் அளித்த சாயம் அதன் உட்கருவையும், அருகே கோல்போன்ற மற்றொரு புள்ளியையும் செந்நிறமாக்கிக் காட்டியது. அந்த இரட்டைப் புள்ளியே இன்றும் ஆய்வகங்களில் அடையாளம்.

காரணம் தெரிந்தவுடன் நோய் தணிந்துவிடவில்லை. கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில் வசதிகள் குன்றிய சிற்றறையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் பற்றிய அறிக்கை 1922இல்தான் வந்தது. காண்டலுக்கும் மருந்துக்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள். மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பது ஐயமற நிறுவப்பட்டது அதனினும் தாமதமாக, 1942இல். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் அவ்வாய்வில் மணல் ஈக்களின் கடியை ஏற்க முன்வந்த ஐவருக்கும் நோய் கண்டது. ஒட்டுண்ணியின் பெயரில் இரு மருத்துவர்கள் நிலைத்திருக்கின்றனர். சென்னைச் சிறுவனுக்கும் அந்த ஐவருக்கும் அத்தகைய இடம் இல்லை.

இரண்டாம் நுண்ணோக்கியின் கதை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் தொடங்குகிறது. நோலும் ருஸ்காவும் 1931இல் பெர்லினில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியிருந்தனர். ஒளியைவிட மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட எலக்ட்ரான் கற்றையைக் காந்த வில்லைகளால் குவித்து, அபேயின் எல்லையைக் கடக்கும் கருவி அது. இதனை இந்தியாவுக்குக் கொணரும் எண்ணம் மேக்நாத் சாகாவுக்கு இருந்தது. அவர் ஊக்கத்தால் நீரஜ்நாத் தாஸ்குப்தா அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டனிடம் பயின்று திரும்பி, 1940களின் பிற்பகுதியில் நாட்டின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கல்கத்தாவிலேயே கட்டினார். ஓர் இயற்பியல் கூடத்தில் பிறந்த அக்கருவி நோக்கிய பொருள்களுள் ஒன்று, வங்காளத்தின் பழைய பகையான காலா-அசார் ஒட்டுண்ணி. தாஸ்குப்தா, குகா, டே ஆகியோர் அதன் நுண்ணமைப்பு பற்றி 1954இல் எழுதினர்.

இக்கருவியும் தனக்கென ஒரு விலையைக் கேட்டது. எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில்தான் பயணிக்கும். ஆகவே மாதிரி உலர வேண்டும். உலர்ந்த செல் சுருங்கும், தட்டையாகும். கண்ணாடிக் கத்திகளும் நுண்வெட்டுக் கருவிகளும் 1950களில் பரவி, பிசினில் பதித்த செல்லை மிக மெல்லிய தகடுகளாகச் சீவ முடிந்த பின்னரே உள்ளமைப்பு தெளிந்தது. உலகின் பல ஆய்வகங்களில் நடந்த அப்பணியில், லீஷ்மனின் சாயம் காட்டிய கோல்வடிவப் புள்ளி ஒரு வியப்பாக வெளிப்பட்டது. அது மைட்டோகாண்ட்ரியாவிற்குள் செறிந்த டிஎன்ஏ. ஆயிரக்கணக்கான சிறு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் சங்கிலிக் கவசம். அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் அடையாளக்குறியாக மட்டும் கொண்டது உயிரியலின் விந்தையான மரபுப்பொருள் அமைப்பாக மாறியது.

அதே ஆண்டுகளில் களத்தில் நடந்தது வேறு. மலேரியாவை ஒழிக்க 1950களில் வீடுகளில் தெளிக்கப்பட்ட டிடிடி, மணல் ஈக்களையும் கொன்றது. காலா-அசார் ஏறக்குறைய மறைந்தது. தெளிப்பு நின்றபின் 1970களில் பீகாரில் அது பேரளவில் மீண்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்லின் உள்ளறைகளைத் திறந்த காலத்தில் நோயின் ஏற்றஇறக்கத்தைத் தீர்மானித்தது பூச்சிக்கொல்லித் தெளிப்பான்.

மூன்றாம் கருவி, உலர்த்தும் சிக்கலைத் தீர்த்தது. 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பர்கில் ஜாக் துபோஷே, நீரைப் படிகமாகாதபடி நொடிப்பொழுதில் குளிரவைத்து, மூலக்கூறுகளைக் கண்ணாடி போன்ற பனியில் நிறுத்தும் முறையை நிறுவினார். ஆயிரக்கணக்கான மங்கலான படங்களைக் கணினியால் தொகுக்கும் வழியை யோவாகிம் ஃபிராங்க் வகுத்தார். இம்முறை அணு அளவை எட்டவல்லது என்று ரிச்சர்ட் ஹெண்டர்சன் காட்டினார். மூவருக்கும் 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் அடா யோனாத்தின் குழு லீஷ்மேனியா டோனோவானியின் ரைபோசோம் பெருந்துணையலகை 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. பரோமோமைசின் என்னும் மருந்து அந்த ரைபோசோமில் எவ்வாறு பற்றுகிறது என்பதும் 2017இல் வெளியாயிற்று.

இங்கே காலவரிசை தலைகீழாகிறது. 1903இல் காண்டல் முதலில், மருந்து பின்னர். பரோமோமைசினோ காலா-அசாருக்கென 2006இலேயே இந்தியாவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. குணம் முதலில், அதன் காட்சி பின்னர். இதனால் காட்சி வீணாகிவிடவில்லை. ஸ்டிபமைன் வகை மருந்துகள் பீகாரில் செயலிழந்த அனுபவம் அண்மையது. ஒட்டுண்ணியின் ரைபோசோமும் மனிதரின் ரைபோசோமும் எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்று அறிந்தால், அடுத்த மருந்தை அவ்விடத்திற்கேற்ப வடிவமைக்கலாம். பயன் உண்டு, அது வந்துசேரும் வழிதான் நேர்க்கோடு அன்று.

நுண்ணோக்கியின் வரலாற்றில் சாயம், வளர்ப்பு ஊடகம், கண்ணாடிக் கத்தி, பனி ஆகியவை வில்லைக்கு இணையான இடம் பெறத் தக்கவை. ஒவ்வொரு காட்சியும் ஒரு தயாரிப்பின் விளைவு. ஒட்டுண்ணியின் பெயர்க்குறிப்பும் தயாரிப்போடு மாறியது: உடலம், உயிரி, செல், மூலக்கூறு. நோயாளியைக் குறிக்கும் சொல் மாறவில்லை.

இன்று பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு துளி இரத்தமும் ஆர்கே39 என்னும் சோதனைப் பட்டையும் சில நிமிடங்களில் நோயை உணர்த்துகின்றன, நுண்ணோக்கி தேவைப்படுவதில்லை. எனினும் குணமடைந்தவரின் இரத்தத்திலும் அப்பட்டை நெடுநாள் நேர்மறையாகவே காட்டும். நோய் மீண்டதா என்ற ஐயம் எழுந்தால், மண்ணீரல் அல்லது எலும்பு மச்சையின் மாதிரியைச் சாயமேற்றி, ஒளி நுண்ணோக்கியில் அந்த இரட்டைப் புள்ளியைத் தேடுவதே இன்றும் வழி.