மூடினால் பூட்டுமா?

1985-ல் பெருவின் சியுலா கிராண்டே மலையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கால் உடைந்த ஜோ சிம்ப்சனைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கிட்டிருந்தார் சைமன் யேட்ஸ். சிம்ப்சன் ஒரு செங்குத்தின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிட்டார். அந்தப் பாரம் யேட்ஸையும் கீழே இழுக்குது. ரொம்ப நேரம் தாங்கிப் பார்த்துட்டு, பையில் இருந்த சின்னக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். ரெண்டு பேருமே பிழைச்சாங்க.

அறுத்தது சரியா தப்பான்னு இன்னும் பேசுறாங்க. எனக்குப் பெரிசாப் படுறது வேற: கத்தி பட்டதுமே கயிறு தெறிச்சுது. பாரத்தில் விறைச்சு நிற்கிற கயிற்றுக்கு அவ்வளவே போதும். அப்போ, இடுப்பில் தொங்குற மடக்குக் கத்தி தானாத் திறந்துகிட்டா?

ஓபினெல் கத்தியின் கதையைப் பாருங்க. ஆல்ப்ஸ் மலையோரம், பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் ஜோசப் ஓபினெல் செய்த மரப்பிடிக் கத்தி அது. ஆரம்பத்தில் பூட்டே கிடையாது. 1955-ல்தான் மார்செல் ஓபினெல் ஒரு திருகு வளையம் வைத்தார், திறந்த கத்தி விரல் மேல மடங்காம இருக்க. மூடிய கத்தியையும் பூட்டுற வசதிக்கு 2000 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது!

பாறை ஏறுறவருக்கு அந்த ரெண்டாவது பூட்டுதான் முக்கியம்னு நான் சொல்வேன். கடையில் எல்லாரும் கத்தியைத் திறந்து கூர் பார்ப்பாங்க. நீங்க மூடிட்டு நல்லா உதறிப் பாருங்க. காரபினர் நுழையிற ஓட்டை இருக்கான்னும் பாருங்க, கையுறையோட திறக்க முடியுதான்னும் பாருங்க.