யவனர் சொல்லும் கரிசல் ஈரமும்

யவன மொழியில் 'கிரேஸ்தோதேஸ்' என்றொரு சொல்லுண்டு. தமிழ் விவிலியத்தில் அதற்குத் 'தயவு' என்பது வழங்கும். அதனை 'அருள்' எனப் பெயர்த்தால் என்னையெனின், தகாதென்பதே எமது துணிபு.

அச்சொல்லுக்கு அடி 'பயன்படுத்துதல்' என்னும் பொருளுடைய வினை. அதனினின்று பிறந்த 'கிரேஸ்தோஸ்' முதற்கண் பயன்படுவதையும், பின்னர் நல்லதையும், அதன்பின் இரங்கும் இயல்பினனையும் குறிப்பதாயிற்று. நாட்பட்ட மதுவின் இனிமையையும், கழுத்தை வருத்தாத நுகத்தையும் புதிய ஏற்பாடு இச்சொல்லாற் சுட்டும். கல்லறைக் கற்களில் இறந்தாரை 'நல்லோய்' என விளித்தற்கும் இதுவே வந்தது. ஆயின் அடிமைகட்கு இடும் பெயராகவும் இது பெருவழக்காயிருந்தமை மறக்கற்பாலதன்று. ஆண்டானுக்குப் பயன்பட்டவனே நல்லவன் போலும்! பவுல் இச்சொல்லைக் கடவுளின் இரக்கத்துக்கும் ஏற்றிக் கூறினமையால், பிற்காலத்தே அது தன் அடியைக் கடந்ததென்பதும் உண்மையே.

தமிழில் இப்பண்புக்குரிய 'அளி' கொடுத்தற்பொருளது. கொள்வோன் கணக்கினின்று அன்றிக் கொடுப்போன் கையினின்று தோன்றியது. 'ஈரம்' என்பதோ நிலத்தினின்று வந்தது. அதன் அருமையை அறிய விரும்புவார் கோவிற்பட்டிக்கு மேற்கேயுள்ள கழுகுமலைக்குக் கோடையிற் செல்க. சூழவுள்ள கரிசல் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையை உட்கொண்டு, மழை நின்றபின்னும் அவ்வீரங் கொண்டே பருத்தியையும் கம்பையும் வளர்ப்பது அம்மண்.

அம்மலைப் பாறையிற் சமணர் செதுக்குவித்த திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துச் சாசனங்கள் பலவுள. அவை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன. செய்வித்தோருட் குரத்தியர் என்னும் பெண்ணாசிரியரும், தச்சரும், குயவரும் காணப்படுவர். ஒரு சாசனம், சித்தாந்தம் உரைப்பார் உள்ளிட்ட வைராக்கியர் பதின்மர்க்கு உணவளிக்க வைத்த நிவந்தத்தைக் கூறும். (அச்சித்தாந்தம் சமணருடையது; பெயரொப்புமை கண்டு மயங்கற்க.) புறச்சமயத்தார் செயலெனினும், வானம் பார்த்த நிலத்தில் ஒருவர்க்குச் சோறு வைத்தலை ஈரமென்னாது வேறென்னென்பது?

இங்ஙனம் மக்கள் மக்கட்குச் செய்வதே கிரேஸ்தோதேஸின் இயல்பான களம். திருக்குறளின் அருளுடைமை உயிர்கண்மேற் செல்லும் இரக்கமேயெனினும், நம் சாத்திரங்களில் அருளாவது சிவத்தினின்று பிரிவிலாச் சத்தி. அதனை இச்சொல்லுக்கு ஈடாக வைப்பின் இரண்டும் கெடும். 'தயவு' குற்றமுடையதன்று; எனினும் 'அளி' என்பதையே யாம் கொள்வோம். அருளோடு ஒப்புநோக்கற்குரியது 'காரிஸ்' என்னும் பிறிதொரு யவனச் சொல். விவிலியத்தார் அதனைக் 'கிருபை' என்ப. அஃது ஈண்டு விரிக்கிற் பெருகும்.