முதலில் நனைந்தது கால்

1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் டார்வின் ஒரு கரடியைப் பற்றி எழுதினார். வட அமெரிக்காவில் அது மணிக்கணக்காக வாயைப் பிளந்தபடி நீந்தி, நீரில் கிடக்கும் பூச்சிகளை வாரித் தின்கிறது. இந்தப் பழக்கம் தொடர்ந்தால் தலைமுறைதோறும் வாய் பெருத்து, அந்த இனம் திமிங்கலம் போலவே ஆகிவிடலாம் என்றார். கேலிக்குப் பஞ்சமில்லை. பிந்தைய பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். கரடி தவறான ஆள்தான். ஆனால் கரடி போன பிறகும் அந்தக் கற்பனையின் உள்ளிருந்த அனுமானம் போகவில்லை: திமிங்கலத்தின் மூதாதையை நீருக்குள் இழுத்தது இரை, வாய் முன்னே போனது, உடல் பின்தொடர்ந்தது. இந்த வரிசை தலைகீழானது என்று சொல்ல ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அது பூனையைவிடச் சற்றுப் பெரிய, குளம்புள்ள ஓர் அற்ப விலங்கு. பெயர் இந்தோஹையஸ்; 'இந்தியப் பன்றி' என்று பொருள். பன்றியும் அல்ல என்பது வேறு விஷயம்.

ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டையும் வைத்து 1971இல் இதற்குப் பெயர் சூட்டியவர் நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ். அவர் சேர்த்து வைத்த பாறைகளில் பல உடைத்துப் பார்க்கப்படாமலேயே இருக்க, அவர் காலமானார். அந்தக் கற்களை அவர் மனைவி ஆண்டுக்கணக்காகக் காத்து வைத்திருந்து, திமிங்கலத் தோற்றத்தை ஆராய்ந்துவந்த ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது காதெலும்பு தற்செயலாக உடைந்தது. நடுச்செவியைப் போர்த்தும் அந்த எலும்பு கொட்டாங்கச்சி போன்றது. மற்ற பாலூட்டிகளில் அதன் ஓடு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே கனம். இதிலோ உட்பக்க விளிம்பு மட்டும் தடித்துப் புடைத்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கலங்களுக்கே உரிய அடையாளம் என்று அதுவரை கருதப்பட்டது. 2007இல் தெவிசனும் சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள்.

காது உறவைச் சொல்கிறது. வாழ்ந்த விதத்தைச் சொல்வது காலும் பல்லும். கால் எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் புறச்சுவர் தடித்து, நடுவிலுள்ள மஜ்ஜைக் குழி குறுகியிருக்கிறது. ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு அது வீண் சுமை. நீர்யானை போல ஆற்றின் அடியில் கால் ஊன்றி நடக்கும் விலங்குக்கோ அதுவே நங்கூரம். பல்லில் இன்னொரு தடயம் உண்டு. தரையில் திரியும் விலங்கின் உடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் கூடுதலாக வெளியேறி, எடை மிகுந்தது உடலில் தங்கும். நீரில் கிடக்கும் விலங்குக்கு இந்த இழப்பு குறைவு. இந்தோஹையஸின் பற்கள் நீர்வாசியின் கணக்கையே காட்டின. ஆனால் கடைவாய்ப் பற்களின் அமைப்பு தாவரத்தை அரைப்பதற்கானது. பல்லிலுள்ள கார்பன் கணக்கும் ஆதித் திமிங்கலங்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. ஆக, உடல் ஈரமாகிவிட்டது, வாய் இன்னும் மீனைத் தொடவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது வயது. இந்தோஹையஸுக்கு ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டு. பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலமான பாகிசீட்டஸ் சுமார் 5 கோடி ஆண்டுப் பழையது. பேரனுக்குப் பிறகா பாட்டன் பிறப்பான்? மாட்டான். அதனால்தான் இதைப் பாட்டன் என்று யாரும் சொல்வதில்லை, பங்காளி என்கிறார்கள். மூத்த கிளை நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் இளைய கிளை பழைய வீட்டின் புழங்குமுறையை விடாமல் வைத்திருப்பதுண்டு அல்லவா, அப்படி. அடுத்தது நீர்யானை. மரபணு ஆய்வு அதைத்தானே திமிங்கலத்தின் நெருங்கிய உறவாகக் காட்டுகிறது? இன்று உயிரோடு இருப்பவற்றில் ஆம். ஆனால் நீர்யானைக் குடும்பத்தின் மிகப் பழைய புதைபடிவங்களுக்கே சுமார் 2 கோடி ஆண்டுதான் ஆகிறது. அழிந்துபோன பங்காளிகளை மரபணு ஆய்வால் காண முடியாது. குளம்பினத்தோடு திமிங்கலத்துக்கு உள்ள உறவை 2001லேயே கணுக்காலும் உறுதிசெய்தது. ஆட்டுக்கால் சூப்பில் அகப்படும் கணுக்கால் எலும்பை எடுத்துப் பாருங்கள்: இரு முனையும் கப்பி போல் பள்ளமாக இருக்கும். அதே இரட்டைக் கப்பி ஆதித் திமிங்கலங்களின் காலிலும் இருந்தது.

சரி, மீனுக்காக இல்லையென்றால் நீருக்குள் எதற்குப் போனது? அச்சம்தான் என்று நான் நினைக்கிறேன். நீர்ச்செடிக்காகப் போயிருக்கலாம் என்போருக்கும் இடமுண்டு. எலும்பு இதில் முழுத் தீர்ப்பு வழங்கவில்லை. ஆனால் சாட்சிக்கு உயிருள்ள விலங்குகள் வருகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுமானின் ஆப்பிரிக்க உறவு ஒன்று, கரையில் மேயும். கழுகின் நிழல் விழுந்தால் ஓடையில் பாய்ந்து அடியில் நடக்கும். இலங்கையில் கீரி துரத்திய சருகுமான் ஒன்று குளத்தில் பாய்ந்து மூழ்கியது பதிவாகியிருக்கிறது. அந்தக் குளத்தில் அதற்கு இரை எதுவும் இல்லை; கரையில்தான் கீரி இருந்தது.